கிளாவிகிரல்லா: காய் நாவாய்ப்பூச்சிப் பேரினமும் அதன் வகைப்பாட்டுத் திருத்தமும்

கிளாவிகிரல்லா, இலைக்கால் நாவாய்ப்பூச்சிகளின் குடும்பமாகிய கோரிடேயைச் சேர்ந்த ஒரு பேரினம். துவரை, தட்டைப்பயறு, அவரை ஆகியவற்றின் இளங்காயில் ஊசி போன்ற வாயுறுப்பைச் செருகி, உள்ளிருக்கும் விதையின் சாற்றை உறிஞ்சும் பூச்சிகள் இதில் அடங்கும். இத்தாலியப் பூச்சியியலாளர் மாசிமிலியானோ ஸ்பினோலா 1837-இல் இப்பேரினத்தை நிறுவினார். லண்டன் பிரிட்டிஷ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் டபிள்யூ. ஆர். டாலிங் 1978-இல் ஆசிய இனங்களையும் 1979-இல் ஆப்பிரிக்க இனங்களையும் மறுஆய்வு செய்தார். இன்று வழங்கும் பெயர்களுக்கு அவ்விரு நூல்களே அடிப்படை.

தமிழ்நாட்டு வேளாண் நூல்களில் காய் நாவாய்ப்பூச்சி என்று குறிக்கப்படுவது பெரும்பாலும் கிளாவிகிரல்லா கிப்போசா. ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளம், சாம்பல் கலந்த பழுப்பு நிறம். தோளின் இருபுறமும் கூர்முள் நீட்டிக்கொண்டிருக்கும். பின்தொடை தடித்து, அடிப்பக்கத்தில் முட்கள் கொண்டிருக்கும். குடும்பப் பெயரைக் கேட்டுவிட்டு இலை போல விரிந்த காலைத் தேடினால் ஏமாற்றமே. அந்த அகன்ற கால் லெப்டோகுளாசஸ் போன்ற வேறு பேரினங்களுக்கு உரியது. பெண்பூச்சி காயிலோ இலையிலோ முட்டைகளைக் கூட்டமாக இடும். பொரித்த குஞ்சு ஐந்து பருவங்களைக் கடந்து முதிரும். சேதம் வெளியே தெரியாது. தோல் உரித்த பிறகே விதை சுருங்கிக் கறை படிந்திருப்பது புலப்படும். அத்தகைய துவரை பருப்புக்கும் ஆகாது, விதைத்தால் முளைக்கவும் முளைக்காது.

திருத்தம் ஏன் தேவைப்பட்டது? பிரிட்டிஷ் இந்திய விலங்குகள் வரிசையில் டபிள்யூ. எல். டிஸ்டன்ட் எழுதி 1902-இல் வெளிவந்த நாவாய்ப்பூச்சித் தொகுதி பல பத்தாண்டுகளாக இந்தியப் பூச்சியியலாளர்களின் கைநூலாக இருந்தது. அக்காலத்தில் இனங்களைப் பிரிக்க நிறமும் முள்ளின் வடிவமும் போதும் என்று எண்ணினார்கள். ஒரே இனத்துக்குள்ளும் இவை மாறும். ஆகவே ஒரு பூச்சிக்குப் பல பெயர்கள் சேர்ந்தன. அதைவிடப் பெரிய சிக்கல், வேறு வேறு பூச்சிகள் ஒரே பெயரில் அடங்கியது. ஆப்பிரிக்க ஆய்வாளர்களோ தம் தட்டைப்பயற்றுப் பூச்சிகளை ஸ்வீடன் பூச்சியியலாளர் ஸ்டால் வைத்த அகாந்தோமியா என்ற தனிப் பேரினத்தில் எழுதிவந்தனர். வகைப்பாட்டு மறுஆய்வு என்றால் பெயர் மாற்றும் சடங்கு என்று நினைப்பவர் உண்டு. உண்மையில் அது அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கும் வகைமாதிரிகளை (ஒரு பெயருக்கு ஆதாரமாக வைக்கப்பட்ட மாதிரிகளை) ஒவ்வொன்றாக எடுத்து, ஆண் இனப்பெருக்க உறுப்பு உள்ளிட்ட கூறுகளை ஒப்பிட்டு, பழைய பெயர் எந்தப் பூச்சியைக் குறித்தது என்று நிறுவும் வேலை.

டாலிங்கின் பணிக்குப் பின் அகாந்தோமியாவின் பயறுப் பூச்சிகள் கிளாவிகிரல்லாவுக்குள் வந்தன. ஆப்பிரிக்காவின் முக்கியப் பயறுப் பகையான அகாந்தோமியா டோமென்டோசிகோலிஸ் இன்று கிளாவிகிரல்லா டோமென்டோசிகோலிஸ். கிப்போசா இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது என்பதும், அதனுடன் இந்தியத் துவரையில் காணப்படும் ஸ்குடெல்லாரிஸ் பாகிஸ்தான், ஓமன், ஏமன் வழியாகக் கென்யா வரை பரவியது என்பதும் தெளிவாயின. திருத்தியவருக்கும் திருத்தம் நேர்ந்தது: டாலிங் புதிதாக வைத்த ஹாரென்ஸ் என்ற பெயர், ஆங்கிலப் பூச்சியியலாளர் வெஸ்ட்வுட் 19-ஆம் நூற்றாண்டிலேயே விவரித்த ஸ்குடெல்லாரிஸின் இணைப்பெயராகப் பின்னர் ஒடுங்கியது. முந்திய பெயருக்கே முன்னுரிமை என்ற விதி யாருக்கும் விலக்குத் தருவதில்லை.

1978-க்கு முன் இந்திய ஆய்வேடுகளில் எழுதப்பட்ட ‘கிப்போசா’வை இன்று படிப்பவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மாதிரி பாதுகாக்கப்பட்டிருந்தால் எடுத்துப் பார்த்துச் சரிசெய்யலாம். பெயர் மட்டும் அச்சேறி மாதிரி தொலைந்திருந்தால் அக்குறிப்பில் இருப்பது கிப்போசாவா ஸ்குடெல்லாரிஸா என்று சொல்ல வழியில்லை.

பழனி மலையில், மாதிரியைத் தேடும் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. காரைக்காலை அடுத்த குரும்பகரத்தைச் சேர்ந்த பி. சூசைநாதன் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தென்னிந்தியா முழுவதும் பூச்சி சேகரித்து வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்கு அனுப்பியவர். ‘பழனி மலை, கொடைக்கானல், 6,500 அடி’ என்ற அவருடைய சீட்டு குத்திய மாதிரிகளைப் பல குடும்பங்களின் மறுஆய்வுகளில் காணலாம். இம்மலையின் பூச்சிகளைத் திருத்தி எழுத முனைபவர் லண்டனையும் அமெரிக்க அருங்காட்சியகங்களையும் நாட வேண்டியிருப்பதற்கு இது ஒரு காரணம். உள்ளூரில் செண்பகனூர் இயேசு சபையினரின் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் மலையின் செடிகளுக்குக் கே. எம். மேத்யூ எழுதிய விரிவான தாவரநூல் போல நாவாய்ப்பூச்சிகளுக்கு ஒன்று அமையவில்லை.

இம்மலையில் பயறும் அவரையும் விளைவது பெரும்பாலும் அடிவாரத்திலும், தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்மலை ஊர்களிலும். சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானல் நகர்ப்புறத்தின் குளிர் வேறு, ஒட்டன்சத்திரத்துச் சமவெளியின் வெயில் வேறு. ஆகவே சீட்டில் வெறுமனே ‘கொடைக்கானல்’ என்று எழுதினால் போதாது. ஊர், உயரம், எந்தச் செடியில் பிடித்தது, தேதி எல்லாம் வேண்டும்.

பெயரின் துல்லியம் வயலுக்கும் தேவை. கிரையான் கிளாவிகிரல்லே என்ற மிகச் சிறிய குளவி, கிப்போசா, ஸ்குடெல்லாரிஸ் இரண்டின் முட்டைக்குள்ளும் தன் முட்டையை இட்டு அவற்றை அழிக்கிறது. ஐதராபாத் அருகே பட்டான்செருவிலுள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டு வேளாண் ஆய்வு நிறுவனத்தார் 1990-களில் இதை ஆராய்ந்தனர். ஆப்பிரிக்காவில் டோமென்டோசிகோலிஸின் முட்டையைத் தாக்குவது கிரையான் ஃபுல்விவென்ட்ரே என்ற வேறோர் இனம். ஒரு கண்டத்துக் குளவியை மற்றொன்றுக்குக் கொண்டுசெல்ல நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது டாலிங்கின் இனப் பட்டியலை.

துவரைக் காயில் உட்கார்ந்திருக்கும் நாவாய்ப்பூச்சியெல்லாம் கிளாவிகிரல்லா அல்ல. மெலிந்து நீண்டு, தொட்டால் குளவி போலப் பறந்துவிடும் ரிப்டார்டஸ் அலிடிடே குடும்பத்தைச் சேர்ந்தது. பச்சை நிறக் கேடயம் போன்ற நெசாரா விரிடுலா பென்டடோமிடே குடும்பத்தது. மூன்றும் ஒரே செடியில் சேர்ந்து காணப்படுவதுண்டு.