மனையும் இறையும்

மனை வாங்க முற்படுவோர் விலையைப் பற்றிப் பன்முறை வினவுவர். அம்மனைமேல் ஏறி நிற்கும் வரியைப் பற்றி ஒருமுறை வினவுவதும் அரிது. மலேசியாவில் வீடு வாங்கியவர் மாநில அரசுக்கு நிலவரியும், நகராட்சிக்கு மக்கள் வழக்கில் 'கதவு வரி' எனப்படும் மதிப்பீட்டு வரியும் செலுத்தக் கடமைப்பட்டவர். சிங்கப்பூரிலோ வீட்டுவரி 'ஆண்டு மதிப்பு' ஒன்றைக் கொண்டே கணிக்கப்படுகிறது. ஆண்டு மதிப்பாவது, அவ்வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் கிடைக்கக்கூடிய தொகை. வாங்கியவர் கொடுத்த விலை அக்கணக்கிற்கு அடிப்படையன்று. விலை வேறு, வரிக்குரிய மதிப்பு வேறு என்னும் இக்கருத்து ஆங்கிலேயரால் கொணரப்பட்டது என்றே பலரும் எண்ணுவர். தமிழ்நாட்டுக் கோயிற் சுவர்களைப் படிப்போர்க்கு அவ்வெண்ணம் நில்லாது.

சோழர் காலத்தில் நிலத்தின்மேல் விழுந்த வரிக்கு இறை என்றும் கடமை என்றும் பெயர். நிலம் எவ்விலைக்குக் கைமாறிற்று என்பதை அது நோக்கவில்லை. நிலத்தின் பரப்பையும் விளைவையுமே நோக்கிற்று. ஆதலின் அளவையே வரியின் முதற்படியாயிற்று. முதலாம் இராசராசன் தன் ஆட்சியின் 16, 17-ஆம் ஆண்டுகளில், அஃதாவது கி.பி. 1001-ஐ ஒட்டி, நாடு முழுதும் நிலம் அளப்பித்தான். அப்பணியை முன்னின்று நடத்திய சேனாபதி 'உலகளந்தான்' என்னும் பட்டமே பெற்றான். 1086-இல் முதற் குலோத்துங்கன் மீண்டும் அளப்பித்தான். இங்கிலாந்தில் முதலாம் வில்லியம் தன் நாட்டு நிலங்களைக் கணக்கெடுத்து 'டூம்ஸ்டே' ஏட்டில் பதிவித்ததும் அதே ஆண்டிலேதான்.

அளந்த நுணுக்கம் வியப்பிற்குரியது. வேலியில் இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. 320-இல் ஒன்று முந்திரிகை. அதனினும் சிறியவற்றைக் 'கீழ்' என்னும் அடை சேர்த்துக் குறித்தனர். கீழ் முந்திரிகை என்பது வேலியில் 1,02,400-இல் ஒரு கூறு! ஒரு கைப்பிடி மண்ணையும் விட்டுவைக்காத கணக்கு இது. அளந்த நிலத்திற்கு விளைவு நோக்கித் தரம் வகுத்தனர். தரம் வகுக்கப்படாதது 'தரமிலி' எனப்பட்டது. பின்னர்ப் புரவுவரித் திணைக்களத்தார் அதனை வரிப்பொத்தகத்தில் ஏற்றினர். தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் கணக்கைப் பார்த்தால், பலவற்றில் வேலி ஒன்றுக்கு ஏறத்தாழ 100 கலம் நெல் இறையாக விதிக்கப்பட்டமை தெரியவரும். அந்நெல்லை அளக்கும் மரக்காலுக்கு 'ஆடவல்லான்' என்று இறைவன் பெயரையே இட்டிருந்தனர்.

அவ்வாறாயின் குடியிருக்கும் மனைக்கு இறை உண்டா? இவ்வினாவிற்குத் தஞ்சைக் கல்வெட்டுகளே விடை கூறுகின்றன. ஊரின் மொத்த அளவைக் கூறியபின், அதிலிருந்து இறை நீங்கும் நிலங்களை அவை தனியே எண்ணுகின்றன. ஊர்நத்தம், கோயில், குளம், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு ஆகியவை அவை. நெல் விளையாத இடத்திற்கு நெல்லால் இறை கேளாமை நேரிதே. ஆயினும் அப்பட்டியல் தன்னையறியாமல் மற்றொன்றையும் உரைத்துவிடுகிறது. ஓர் ஊரில் யார் யார் பிரித்து வைக்கப்பட்டனர் என்பது பிற நூல்களில் மறைந்து கிடக்க, வரிக்கணக்கில் வெளிப்படையாக நிற்கிறது.

நத்தம் நிலவரிக்கு நீங்கினும் குடியிருப்போர் முழுதும் தப்பினர் என எண்ணற்க. தறி உடையவர் தறியிறையும், செக்கு உடையவர் செக்கிறையும் இறுத்தனர். குயவர் குசக்காணமும், தட்டார் தட்டார்ப்பாட்டமும் கொடுத்தனர். மனையிறை என்னும் பெயரும் வரிப்பெயர்களினிடையே காணப்படுகிறது. பிற்காலத்தில் விசயநகர வேந்தர் ஆட்சியில் 'வாசற்பணம்' என்றொரு வரி வந்தது. வாசல் ஒன்றுக்கு இவ்வளவு என்று தண்டும் அவ்வரிக்கும் மலாய்நாட்டார் கூறும் கதவு வரிக்கும் பெயரளவில் உள்ள ஒப்புமை சுவையானது. தொடர்பு உண்டு எனத் துணிய வேண்டுவதில்லை.

விருப்பம்போல் வீடு எடுக்கும் உரிமையும் எல்லார்க்கும் இருந்ததன்று. சோழர் செப்பேடுகள், பிரமதேயம் பெற்றோர் சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுக்கலாம், கிணறு தோண்டலாம், தெங்கு நடலாம் என வெளிப்படையாக உரிமை வழங்குகின்றன. எழுதிக் கொடுக்கவேண்டியிருந்ததெனின், எழுதப்படாதவர்க்கு அது இல்லை என்பதே பெறப்படும்.

இனி, விலையாவணங்களைக் காண்போம். நாற்பாலெல்லை கூறுதல், மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் உட்பட விற்றோம் எனல், விலைப்பொருள் முழுதும் பெற்றோம் எனல் ஆகியவை அவற்றின் வழக்கமான உறுப்புகள். இவற்றைப் படிப்போர் பெரும்பாலும் சொல்லழகில் மனம் செலுத்துவர். ஆனால் வாங்கியவன் கண் தேடியது 'இறையிலி' என்னும் ஒரு சொல்லையே. நிலம் விலைக்கு வந்தபின்னும் ஆண்டுதோறும் இறை தொடருமாயின், வாங்கியவன் கொடுத்தது முழுவிலையாகாது. ஆதலின் வசதியுடையோர் இரண்டு தொகை கொடுத்தனர். ஒன்று நிலத்தின் விலை. மற்றொன்று, இனிமேல் வரவேண்டிய இறைக்கு ஈடாக ஊர்ச்சபையிடம் ஒரே முறையில் வைக்கும் முதல். இதற்கு இறைத்திரவியம் என்றும் இறைகாவல் என்றும் பெயர். பெற்றுக்கொண்ட சபையார், சந்திரனும் சூரியனும் உள்ளவரை அந்நிலத்து இறையை ஊரே இறுக்கும் என எழுதிக் கொடுத்தனர். கோயிலுக்கு நிலம் வாங்கி அளித்தோர் பலரும் இம்முறையையே கையாண்டனர்.

இங்கே ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. இத்தகைய நிலத்தை அரசன் இறையிலி ஆக்கவில்லை, ஊர்தான் ஆக்கிற்று. அரசனுக்குச் சேரவேண்டிய இறையில் ஒரு நாழியும் குறையவில்லை. வாங்கிய முதலின் வட்டியிலிருந்து சபை அதனை இறுத்தல் வேண்டும். முதல் செலவழிந்துபோயின் அச்சுமை, இறையிலிச் சலுகை எட்டாத ஏனைய குடிகள் தலையிலேதான் விழும். இறையிலி என்றால் இறை இல்லை என்பதே சொற்பொருள். வேறொருவர் இறுக்கிறார் என்பதே நடைமுறை. சபையார் கையொப்பமிட்ட நாளில் பிறவாத பேரன்மாரும் அவ்வொப்பந்தத்தில் கட்டுண்டனர்.

இறை இறுக்கத் தவறியவர் நிலை யாது? செய்யாற்றுப் பக்கத்து உக்கல் என்னும் ஊர்க் கோயிலில் இராசராசனின் 24-ஆம் ஆண்டு (கி.பி. 1009) ஆணை ஒன்று உள்ளது. சோழநாடு, தொண்டைநாடு, பாண்டிநாடு ஆகியவற்றில் பிராமணர், வைகானசர், சமணர் ஆகியோர் ஊர்களில், முழுதாக ஈராண்டு இறை இறுக்காத காணியாளரின் நிலத்தை ஊரார் கைக்கொண்டு விற்றுக்கொள்ளலாம் என்பது அதன் கருத்து. வேந்தரின் அருளை மிகுதியாகப் பெற்ற வகுப்பினர்க்கும் இவ்விதி பொருந்திற்று என்பது கருதத்தக்கது. உலகளந்தான் கோல் வந்து சென்ற ஏழெட்டு ஆண்டுகளில் இத்தகைய ஆணை வேண்டியிருந்தமை, புதிய கணக்கு எளிதில் தாங்கக்கூடியதாக இருந்ததில்லை என ஐயுறச் செய்கிறது.

எனினும் இறை இறுப்பதில் ஒரு பெருமையும் இருந்தது. உத்தரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டை அறியாத தமிழாசிரியர் இலர். முதற் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டு விதிகளில் வயது, கல்வி, ஒழுக்கம் ஆகிய தகுதிகளை மாணாக்கர்க்கு விரித்துரைப்பர். அவற்றின் தலையில் நிற்கும் தகுதியைப் பலர் கடந்துவிடுவர். குடவோலையில் பெயர் எழுதப்படவேண்டுமாயின், ஒருவன் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவனாக இருத்தல் வேண்டும். தன் சொந்த மனையில் வீடெடுத்து வாழ்பவனாகவும் இருத்தல் வேண்டும். வெறும் நிலம் என்னாது இறைநிலம் என்றமை காண்க. எத்துணை இறையிலி நிலம் வைத்திருப்பினும் அதனால் வாரியத்திற்கு வர இயலாது. ஊர்ப்பொருளை ஆளவேண்டியவன், அப்பொருளுக்குத் தன் பங்கை இறுப்பவனாக இருத்தல் வேண்டும் என அவ்வூரார் கருதினர் போலும். மற்றொருபுறம், நிலமற்றோர்க்கு அக்குடம் என்றுமே திறவாதிருந்தது.

சந்திரசூரியர் உள்ளவரை என்று எழுதிய சொல் எத்துணைக் காலம் நின்றது? மலேசியத் தமிழர்க்கு நெருங்கிய சான்று ஒன்றுண்டு. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எடுத்த சூடாமணி விகாரத்திற்கு, இராசராசன் தன் 21-ஆம் ஆண்டில் (கி.பி. 1006) ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக விட்டான். இலெய்டன் பெரிய செப்பேடு கூறும் அவ்வூரின் நிலம் 97 வேலிக்குச் சற்று மேற்பட்டது. இறை 8,943 கலத்திற்குச் சற்று மேற்பட்டது. பெண்யானை எல்லை சூழ்ந்து வர, சாசனம் முறைப்படி நிறைவேறிற்று. 84 ஆண்டுகள் சென்றன. 1090-இல் கடாரத்து அரசனின் தூதர் இருவர் கடல் கடந்து முதற் குலோத்துங்கன் அவைக்கு வந்தனர். பள்ளிச்சந்த ஊர்களுக்கு அந்தராயம் முதலிய வரிகளை நீக்கிச் செப்பேடு தரவேண்டும் என்பது அவர்கள் வேண்டுகோள். 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் புகழ்பெற்ற அவ்வேந்தன் அவ்வாறே ஆணையிட்டான். அவ்வாணையில் குறிக்கப்பட்ட ஊர்களுள் ஆனைமங்கலமும் ஒன்று.