பாலாற்றுத் தோல் வட்டாரத்தில் உற்பத்தி நகர்வு

மூலப்பொருள், பதனிடுதல், உறுப்புத் தயாரிப்பு, தையல் எனப் பல படிகளாக நடக்கும் ஒரு தொழிலின் சில படிகள் ஒரு நாட்டை விட்டு மற்றொரு நாட்டில் போய் ஊன்றுவது உற்பத்தி நகர்வு ஆகும். தொழில் முழுவதும் ஒருசேரப் பெயர்வது அரிது. தமிழ்நாட்டில் இதற்குச் சிறந்த சான்று வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களைக் கொண்ட பாலாற்றுத் தோல் வட்டாரம். அதன் கிழக்கெல்லையில், பல்லவர் கால ஏரியால் பெயர்பெற்ற வேளாண் ஊரான காவேரிப்பாக்கம் உள்ளது.

தொடக்க வரலாறு

பச்சைத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரும் சதையும் நீக்கி, ஆவாரம் பட்டைச் சாறு நிரம்பிய குழிகளில் பதனிட்டு, கடுக்காயால் நிறம் தேற்றுவது இவ்வட்டாரத்தின் பழைய முறை. இவ்வாறு பாதி பதனிட்ட தோல், ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரில் சென்னைப் பெரியமேட்டு மண்டிகள் வழியாக இலண்டன் சென்றது. 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய தென்னிந்தியாவின் முதல் இரயில், இவ்வட்டாரத்தைத் துறைமுகத்தோடு இணைத்தது. முதலீட்டிலும் வணிகத்திலும் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் முன்னின்றனர். குழிவேலையின் கடுமையைப் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர் சுமந்தனர். முதல் உலகப் போரில் இத்தோல் பிரித்தானியப் படையினரின் பூட்சுகளுக்குப் பயன்பட்டது. பின்னர்த் தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டை ஆவாரைக்குப் போட்டியாக வந்தது. ஆல்பிரட் சாட்டர்டன் 1903 அளவில் சென்னையில் குரோம் பதனிடுதலைச் சோதித்தார். மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948இல் சென்னையில் நிறுவப்பட்டது.

ஐரோப்பாவிலிருந்து ஆம்பூருக்கு

சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஏற்று, 1973இல் இந்திய அரசு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு வரம்பு விதித்தது. இம்முடிவே வட்டாரத்தின் திருப்புமுனை. கூலியும் கழிவுநீர்ச் செலவும் ஏறிய ஐரோப்பா பதனிடுதலைக் கைவிட்டுவந்த காலமும் அதுவே. முடித்த தோல், அடுத்து ஷூவின் மேற்பாகம், பிறகு முழு ஷூ என ஆம்பூர் படிப்படியாக ஏறியது. ஐரோப்பா ஒதுக்கிய கழிவு பாலாற்றிலும் அதன் கரையோர வயல்களிலும் கிணறுகளிலும் சேர்ந்தது. ‘மாசுபடுத்தியவரே ஈடு செய்க’ என்ற நெறியை வலியுறுத்தி 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆசியாவுக்குள் நகர்வு

விளையாட்டுக் காலணித் தொழில் ஜப்பானிலிருந்து 1970களில் தைவானுக்கும் தென்கொரியாவுக்கும், 1980களின் இறுதியில் தென்சீனத்துக்கும், அடுத்து வியட்நாம், இந்தோனேசியாவுக்கும் பெயர்ந்தது. கூலி உயர்வு, தைவான் நாணயத்தின் மதிப்பேற்றம், இறக்குமதி வரிகள் ஆகியன காரணங்கள். 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் சீன, வியட்நாம் தோல் காலணிகள் மீது பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. இடம் மாறினாலும் பெரும்பாலும் தைவான் முதலாளிகளே ஆலைகளை நடத்தினர். அவர்களில் ஃபெங் டே நிறுவனம் செய்யாற்றில் ஆலை அமைத்து நைக்கி காலணிகளைத் தயாரிக்கிறது.

இன்றைய நிலை

2022இல் தமிழ்நாடு அரசு காலணி, தோல் பொருள்களுக்கான கொள்கையை வெளியிட்டது. காவேரிப்பாக்கத்தை அடுத்த பனப்பாக்கத்தில் தைவானின் ஹோங் ஃபூ நிறுவனத்தின் ரூ.1,500 கோடி ஆலைக்கு 2024இல் அடிக்கல் நாட்டப்பட்டது. இது தோல் சாராக் காலணி ஆலை. ஆகவே நகர்ந்து வருவது தையல் வேலை; பாலாற்றுத் தோலுக்கு அதில் இடமில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா விதித்த 50 விழுக்காட்டு வரி ஆம்பூர் ஏற்றுமதிக்குப் பின்னடைவாயிற்று.