சமத்துவக் கருத்தும் ஈழத்து எழுத்தும்

கருத்துக்கள் வானத்திலிருந்து விழுவனவல்ல. மக்கள் கூடி வாழும் வாழ்க்கையிலிருந்தே அவை தோன்றுகின்றன. தோன்றியபின் அவ்வாழ்க்கையையே மாற்றும் ஆற்றலையும் பெறுகின்றன. இவ்வுண்மையைப் பொதுப்பட ஏற்றுக்கொள்வோர் பலர். ஆயின் ஒரு குறிப்பிட்ட கருத்து, ஒரு குறிப்பிட்ட மண்ணில், எவ்வழியாகப் பள்ளிக்கூடத்துள் நுழைந்தது, எவ்வாறு இலக்கியமாயிற்று, தனிமனிதரின் அனுபவத்துக்கு என்ன பொருளை அளித்தது என்று வரலாற்று முறையில் நோக்குவோர் சிலரே. சென்ற நூற்றாண்டில் யாழ்ப்பாணச் சமுதாயத்திற் சமத்துவம் என்னும் கருத்து கடந்துவந்த பாதை அத்தகைய நோக்குக்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

யாழ்ப்பாணம் கல்விக்குப் பெயர்பெற்றது. 1823ஆம் ஆண்டிலேயே வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் உயர்கல்விச் சாலையொன்றை நிறுவினர். ஆறுமுக நாவலர் அச்சியந்திரத்தையும் உரைநடையையும் சைவத்தின் துணையாக்கிக் கொண்டார். ஏடுகள் நூல்களாயின, பாடசாலைகள் ஊர்தோறும் எழுந்தன. எனினும், கல்வி பெருகினாற் சமத்துவம் தானே வந்துவிடும் என்னும் நம்பிக்கையை இந்த வரலாறு ஆதரிக்கவில்லை. ஒரே வகுப்பில் ஒரே பாடத்தைக் கேட்ட பிள்ளைகளுள் உயர்சாதியார் எனப்பட்டோரின் பிள்ளைகள் வாங்கில் அமர்ந்தனர். தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகள் நிலத்தில் இருந்தனர். நீதி நூல்களை மனனஞ் செய்த அதே வகுப்பறையில் அநீதி அன்றாட வழக்கமாக நிலைத்திருந்தது. அதனை அநீதி என்று பெயர் சொல்லி அழைக்கும் கருத்து இன்னும் சமூகத்தின் பொதுச்சொத்தாகவில்லை.

அப்பெயரை உரத்துச் சொல்லியவர்களுள் 1924ஆம் ஆண்டிற் கூடிய யாழ்ப்பாண மாணவர் மாநாட்டினர் முதன்மையானவர். பின்னர் வாலிபர் காங்கிரஸ் என வழங்கிய இவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றவர், ஆசிரியராய் வாழ்ந்த ஹண்டி பேரின்பநாயகம். பூரண சுயராச்சியம், தாய்மொழிக் கல்வி, தீண்டாமை ஒழிப்பு ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் வற்புறுத்தியமையே இவ்விளைஞரின் சிறப்பு. அவர்களுடைய அழைப்பின்பேரில் 1927இல் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். அந்நியனிடம் உரிமை கேட்பவன் அயலானுக்கு உரிமை மறுத்தல் ஆகாது என்பது அவர்தம் வாதத்தின் சாரம். அவ்வாதத்தின் முன்னே பழைய தலைமை விடையின்றி நின்றது.

விடை வேறு உருவில் வந்தது. 1930ஆம் ஆண்டளவில், அரசாங்க நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்குதல் வேண்டும் எனக் கல்விப் பகுதியினர் வற்புறுத்தியபோது, எதிர்ப்பு மூண்டது. மனுக்கள் அனுப்பப்பட்டன, பிள்ளைகள் பாடசாலையினின்றும் நிறுத்தப்பட்டனர், சில பாடசாலைகள் தீக்கிரையாயின. ஒரு வாங்கு என்பது நாலு கால்களும் ஒரு பலகையுமே. அப்பலகைக்காகப் பள்ளிக்கூடத்தையே கொளுத்தத் துணிந்தனரெனின், அதிற் பிள்ளைகள் ஒருங்கே அமர்வதன் பொருளை எரித்தவர்களும் நன்கு உணர்ந்திருந்தனர் என்பது தெளிவு.

அடுத்த பெரும் மாற்றம் சட்டத்தின் வழியாக வந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான குழுவினரின் அறிக்கை 1943இல் வெளியாயிற்று. 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம்வரை கட்டணமின்றிக் கற்கலாம் என்னும் ஏற்பாடும், தாய்மொழியே போதனாமொழி என்னும் கொள்கையும் ஒன்றையொன்று தாங்கின. ஆங்கிலம் அறிந்த சிறு குழுவினரின் கையிலிருந்த அறிவு, உழவர் வீட்டுக்கும் தொழிலாளர் குடிசைக்கும் செல்ல வழி பிறந்தது. தமிழில் வாசிக்கும் புதியதொரு கூட்டமும், தமிழிற் சிந்தித்து எழுதும் புதியதொரு தலைமுறையும் இதன் விளைவாக உருவாயின.

இத்தலைமுறையினருட் பலர் 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் கீழ் ஒன்றுகூடினர். இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. ஒடுக்கப்பட்ட மக்களின் துன்பம் 1954இற் புதிதாகத் தோன்றியதன்று, நூற்றாண்டுகள் பழமையுடையது. எனினும் அத்துன்பம் அதற்குமுன் ஈழத்து உரைநடையில் தன் குரலிற் பேசியது அரிது. துன்பப்பட்டவர் அதனை விதி என்று நம்பும்வரை அது கதையாவதில்லை. மனிதர் செய்த ஏற்பாடு, ஆதலின் மனிதர் மாற்றக்கூடியது என்று அறிந்தபின்னரே அது எழுத்தாகின்றது. சிகை அலங்காரத் தொழிலாளியான டொமினிக், தமிழகத்துப் பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்தின்மீது கொண்ட மதிப்பால் 'ஜீவா' என்னும் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டார். பட்ட அவமதிப்பு அவருடையது. அதற்குப் பொருள் கூறிய தத்துவம் அவர் கற்றுக்கொண்டது. இரண்டும் கலந்ததாலேயே 'தண்ணீரும் கண்ணீரும்' பிறந்தது. அந்நூல் 1960ஆம் ஆண்டிற் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. 1966இல் அவர் தொடங்கிய 'மல்லிகை' பல தசாப்தங்கள் பிறருக்கும் களமாய் விளங்கியது. கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல் 1972இல் வெளிவந்தது.

எழுத்தின் பொருள் மாறியபோது மொழியும் மாறவேண்டியதாயிற்று. கள்ளிறக்குவோனும் கூலிக்கு உழுவோனும் தத்தம் பேச்சிலேயே கதைகளுட் பேசினர். மரபு காக்கும் பண்டிதர் சிலர் இதனை 'இழிசனர் வழக்கு' என்று பழித்தனர். 1960களின் தொடக்கத்தில் நடந்த அம்மரபு விவாதம் மேலோட்டமாக இலக்கண விவாதம்போற் காணப்பட்டது. உண்மையில் அதுவும் வாங்குப் பிரச்சினையே: யாருடைய பேச்சு ஏட்டில் அமரலாம் என்பதே கேள்வி.

ஆராய்ச்சித் துறையும் இதனின்றும் விலகி நிற்கவில்லை. 'தினகரன்' ஆசிரியராய் இருந்து ஈழத்து எழுத்துக்கு இடமளித்த க. கைலாசபதி, பின்னர் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில், கிரேக்க இலக்கியத்தை மார்க்சிய நோக்கில் ஆராய்ந்த ஜோர்ஜ் தொம்சனிடம் பயின்றார். சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு அவர் செய்த ஆய்வு 1968இல் ஆங்கில நூலாயிற்று. பழம்பெருமை பேசுதற்குரிய பொருளாகக் கருதப்பட்ட சங்க இலக்கியம், ஒரு சமுதாயத்தின் வாழ்நிலையை அறிதற்குரிய சான்றாகப் புதுநோக்குப் பெற்றது. கா. சிவத்தம்பி பண்டைத் தமிழர் நாடகத்தை அதே பல்கலைக்கழகத்தில் இவ்வகை நோக்கில் ஆராய்ந்தார்.

ஆயினும் கருத்தின் வெற்றியை மட்டும் பாடுதல் வரலாறாகாது. கருத்து வாய்பாடாக இறுகிவிடும் அபாயம் முற்போக்கு முகாமிலும் இருந்தது. நல்லவர் யார், தீயவர் யார் என்பதை முதல் வரியிலேயே அறிவித்துவிடும் கதைகள் பல எழுதப்பட்டன. இப்போக்கைக் கடுமையாகக் கண்டித்தவருள் ஒருவர் மு. தளையசிங்கம். அவரை எதிரணியினர் என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் 1971இற் புங்குடுதீவில், ஒடுக்கப்பட்டோர் நன்னீர் அள்ளும் உரிமைக்காக நடந்த போராட்டத்தில் முன்னின்று, பொலிசாரின் தாக்குதலுக்கு உள்ளானவரும் அவரே. 1973இல் அவர் காலமானார். மார்க்சியத்தை ஏற்றவரும் சர்வோதய வழியை நாடியவரும் கிணற்றடியில் ஒரே கேள்விக்கே விடையளிக்க வேண்டியிருந்தது. பொது இடங்களிற் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இலேயே நிறைவேறியிருந்தது. அங்ஙனமிருந்தும் 1966 முதல் ஆலயவாசலிலும் தேநீர்க் கடையிலும் மக்கள் போராடியே அவ்வுரிமையைப் பெறவேண்டியிருந்தது.

வேறொரு குறையும் உண்டு. அது இதனினும் பெரிது. 1945இன் இலவசக் கல்வி மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களின் எல்லையில் நின்றுவிட்டது. தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் நிர்வாகத்தினரின் பொறுப்பிலேயே விடப்பட்டன. 1970களிலேயே அவை அரசாங்கப் பாடசாலை அமைப்பினுள் உள்வாங்கப்பட்டன. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாக நாடாளுமன்றஞ் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை அம்மக்களின் வாழ்வைக் கவிதையாகவும் கதையாகவும் எழுதினார். வாக்குரிமை இழந்த அம்மக்களின் குரலை அவருடைய எழுத்து சுமந்தது. எல்லாருக்கும் என்று கூறிய கல்விக் கொள்கையில் 'எல்லாரும்' யார் என்பதை அன்று ஆண்டவர்களே தீர்மானித்தனர்.

இவ்வரலாற்றிலிருந்து ஆசிரியரும் மாணவரும் பெறவேண்டிய பாடம் யாது? அனுபவம் தானே பேசுவதில்லை. அதற்குச் சொல்லைக் கருத்து தருகின்றது. அவ்வாறே, அனுபவத்தின் உரைகல்லிற் சோதிக்கப்படாத கருத்து வெறுங் கோஷமாய்த் தேய்கின்றது. இரண்டும் சந்திக்கும் இடங்களுள் வகுப்பறை முதன்மையானது. இன்று நம் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் வாங்கிலேயே அமர்கின்றனர். அவ்வாங்கு எவ்வாறு கிடைத்தது என்பதைப் பாடநூல்கள் அவர்களுக்கு விரித்துக் கூறுவதில்லை. அதனைக் கூறுவதும், இன்னும் நிலத்தில் இருத்தப்படுவோர் யார் எனக் கேட்கப் பழக்குவதும் ஆசிரியரின் கடமையாகும்.