சிரைவழி மருத்துவத்தின் பாதுகாப்பும் செவிலியரின் இடமும்: லீத் முதல் பிரிஸ்பேன் வரை

சிரைக்குள் நேரடியாகத் திரவம் செலுத்தும் மருத்துவமுறையின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் ஊசி, கரைசல், புட்டி என்ற மூன்றைச் சுற்றியே எழுதியிருக்கிறார்கள். அவற்றைக் கண்டுபிடித்தவர்களின் பெயர்கள் பாடநூல்களில் நிலைத்துவிட்டன. அந்த ஊசியைச் செருகிய பின் அருகில் நின்றது யார், அவருக்கு என்ன அதிகாரம் இருந்தது என்ற கேள்வி அவ்வளவாக எழுப்பப்படவில்லை. சிரைவழி மருத்துவத்தின் பாதுகாப்பு, கருவிகளின் முன்னேற்றத்தைக் காட்டிலும் படுக்கையருகே இருக்கும் செவிலியரின் கண்காணிப்போடும் அவருக்குத் தரப்பட்ட அதிகாரத்தோடும் சேர்ந்தே வளர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சிரைக்குள் மருந்து செலுத்தும் முயற்சி பழையது. 1656இல் ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ரென், இறகுத்தண்டையும் விலங்கின் சிறுநீர்ப்பையையும் கொண்டு ஒரு நாயின் சிரைக்குள் அபினைச் செலுத்திப் பார்த்தார். பாரிஸில் 1667இல் ஜான்-பாப்டிஸ்ட் டெனி, ஆட்டுக்குட்டியின் ரத்தத்தை ஒரு சிறுவனுக்கு ஏற்றினார். பின்னர் அவரிடம் சிகிச்சை பெற்ற வேறொருவர் இறந்தார், வழக்கு நடந்தது, ரத்தமேற்றல் தடைசெய்யப்பட்டது. இவை சோதனைகள் மட்டுமே. இழந்த நீரை ஈடுசெய்யும் சிகிச்சையாக இம்முறை உருப்பெற்றது 1832இல்தான்.

1831ஆம் ஆண்டு இறுதியில் காலரா இங்கிலாந்தின் சண்டர்லாந்து துறைமுகத்தில் இறங்கியது. எடின்பரோவில் படித்து முடித்திருந்த இளைஞர் வில்லியம் ப்ரூக் ஓஷாக்னெஸி அங்கே சென்று நோயாளிகளின் ரத்தத்தைப் பகுப்பாய்வு செய்தார். அந்த ரத்தம் நீரையும் உப்புகளையும் பெருமளவு இழந்திருந்தது. இழந்ததைத் திருப்பித் தரவேண்டும் என்று அவர் எழுதினார். அவருடைய கருத்தைச் செயலில் காட்டியவர் ஸ்காட்லாந்தின் லீத் நகர மருத்துவர் தாமஸ் லாட்டா. 1832 மே மாதம், கடைசி மூச்சில் கிடந்த ஒரு மூதாட்டியின் கைச்சிரையில் மெல்லிய குழாயைச் செருகி, உப்பும் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான நீரைச் செலுத்தினார். முதலில் எந்த மாற்றமும் இல்லை. அவர் விடாமல் செலுத்திக்கொண்டிருந்தார். மூச்சுத்திணறல் தணிந்தது; குழிவிழுந்த கண்ணில் ஒளி வந்தது; நின்றுபோயிருந்த நாடி மணிக்கட்டில் திரும்பியது. அரை மணி நேரத்தில் ஆறு பைண்ட், ஏறத்தாழ மூன்று லிட்டர், உள்ளே போயிருந்தது. மூதாட்டி தெளிவான குரலில் பேசினார். கொஞ்சம் தூங்கினால் போதும் என்றிருந்தது அவருக்கு.

லாட்டா அவரை மருத்துவமனை மருத்துவர் ஒருவரின் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார். வாந்தியும் பேதியும் மீண்டும் தொடங்கின. ஐந்தரை மணி நேரத்தில் மூதாட்டி இறந்தார். திரவத்தை மறுபடியும் செலுத்தியிருந்தால் பிழைத்திருப்பார் என்று லாட்டாவே 'லான்செட்' இதழுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டார். வரலாற்றாசிரியர்கள் இந்நிகழ்வைக் கரைசலின் வெற்றியாகவே பதிவுசெய்கிறார்கள். என் பார்வையில், கரைசல் வேலை செய்தும் கண்காணிப்பு அறுந்துபோனதால் நேர்ந்த, பதிவான முதல் மரணம் இது. உள்ளே போவதும் வெளியே போவதும் எவ்வளவு என்று அந்த ஐந்தரை மணி நேரம் யாரும் கணக்கிட்டதாகப் பதிவில்லை.

லாட்டா அடுத்த ஆண்டே இறந்தார். காலரா ஓய்ந்ததும் அவருடைய முறையும் மறக்கப்பட்டது. கரைசலின் செறிவு சரியில்லாமலும், கிருமிக் கொள்கை நிலைபெறாமலும் இருந்த காலத்தில் பலர் அம்முறையைக் கண்டு அஞ்சியதில் வியப்பில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லியோனார்ட் ராஜர்ஸ் செறிவு மிகுந்த உப்புக்கரைசலைக் காலரா நோயாளிகளுக்கு ஏற்றி, இறப்பு விகிதத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தபோதுதான் இம்முறை மீண்டும் மதிப்புப் பெற்றது.

அப்போதும் ஒரு புதிர் எஞ்சியிருந்தது. கொதிக்கவைத்த, கிருமியே இல்லாத நீரில் கரைத்து ஏற்றினாலும் சில நோயாளிகளுக்குக் குளிர்நடுக்கமும் கடுங்காய்ச்சலும் வந்தன. இதன் காரணத்தை 1923இல் கண்டறிந்தவர் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஃப்ளாரன்ஸ் ஸீபர்ட். காய்ச்சி வடிக்கும் கலனில் நீராவியோடு தெறித்துச் செல்லும் நுண்துளிகள் பாக்டீரியாக்களின் எச்சத்தைச் சுமந்து சென்றன. கிருமி செத்தாலும் அந்த எச்சம் காய்ச்சலை உண்டாக்கியது. துளிகள் தெறித்துப் போகாதபடி வடிகலனின் அமைப்பை அவர் மாற்றினார். 1930களில் தொழிற்சாலைகள் கண்ணாடிப் புட்டிகளில் கரைசலை அடைத்து விற்கத் தொடங்க இது வழிவகுத்தது. கரைசல் ஓரளவு நம்பகமானதும், அரிதான அவசர சிகிச்சை அன்றாட சிகிச்சையாயிற்று. அதைத் தினமும் செய்ய ஆள் தேவைப்பட்டது.

சிரையில் ஊசி குத்துவது அதுவரை மருத்துவரின் வேலை. புட்டியைத் தொங்கவிடுவது, தட்டை நீட்டுவது, கழுவுவது செவிலியரின் வேலை. 1940இல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஏடா ப்ளூமர் என்ற செவிலியரை இதற்கென்றே நியமித்தது. சிரைவழி சிகிச்சைக்கான முதல் செவிலியர் என்று அத்துறையினர் அவரையே சொல்கிறார்கள். கரைசலும் ரத்தமும் ஏற்றுவது, குழாய்கள் அடைபடாமல் பார்ப்பது, ஊசிகளைச் சுத்தம் செய்வது என அவருடைய பணிகள் இருந்தன. எஃகு ஊசியும் ரப்பர்க் குழாயும் கழுவி, வேகவைத்து, திரும்பத் திரும்பப் பயன்படுத்தப்பட்ட காலம் அது. சிரையைத் தவறாமல் பிடிக்கும் கைத்திறன் ஒன்றே அப்போது தகுதியாகக் கருதப்பட்டது. செவிலியர் இதைச் செய்யலாமா என்று கடும் எதிர்ப்பும் இருந்தது. போர்க்கால மருத்துவர் பற்றாக்குறை அந்த எதிர்ப்பைத் தளர்த்தியது.

1950இல் மேயோ மருத்துவமனையில் டேவிட் மாசா உருவாக்கிய பிளாஸ்டிக் உறைகொண்ட ஊசி, நிலைமையை இன்னொரு திசையில் மாற்றியது. எஃகு ஊசி கையை அசைத்தால் சிரையைக் கிழிக்கும். அதனால் அதிக நேரம் விட்டுவைக்க மாட்டார்கள். பிளாஸ்டிக் குழாய் நாள்கணக்கில் தங்கும். நம் ஊர் வார்டுகளில் 'வென்ஃப்ளான்' என்று வணிகப் பெயராலேயே அழைக்கப்படும் கானுலா அதன் வழிவந்ததுதான். நோயாளிக்கு இது வசதி. ஆனால் தோலில் நாள்கணக்கில் திறந்திருக்கும் ஒரு வாசலை இதுவே உண்டாக்கியது. 1960களின் இறுதியில் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்டான்லி டட்ரிக், முழு உணவையே பெருஞ்சிரை வழியாக ஊட்டமுடியும் என்று நிறுவினார். அதன்பின் அந்த வாசல் மாதக்கணக்கில் திறந்திருக்கலாயிற்று.

இதன் விலை தெரியவர அதிக காலம் ஆகவில்லை. 1970-71இல் அமெரிக்காவின் பல மருத்துவமனைகளில், தொடர்பில்லாத நோய்களுக்காகச் சேர்ந்தவர்களுக்கு ஒரே வகையான, அரிதான ரத்தத்தொற்று வந்தது. அபாட் நிறுவனத்தின் கரைசல் புட்டிகளில் மூடியின் உள்வட்டை புதிய பொருளுக்கு மாற்றப்பட்டிருந்தது. அதற்கடியில் கிருமிகள் தங்கியிருந்தன. மூடியைத் திறந்து மீண்டும் மூடும்போது அவை திரவத்தில் கலந்தன. 25 மருத்துவமனைகளில் 378 பேர் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்டது. 1972இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட் மருத்துவமனையில் மாசுபட்ட டெக்ஸ்ட்ரோஸ் கரைசல் ஏற்றப்பட்டவர்கள் இறந்தனர். கிருமிநீக்கக் கொதிகலனின் அடித்தட்டில் இருந்த புட்டிகள் போதிய வெப்பத்தை எட்டாமலே வெளிவந்திருந்தன என்பது விசாரணையில் தெரிந்தது.

இவ்விரண்டும் தொழிற்சாலையின் தவறுகள். இவற்றிலிருந்து வார்டுக்கு வந்த படிப்பினை முக்கியமானது. அமெரிக்க விசாரணையில் பங்கேற்ற டென்னிஸ் மாக்கி, தொற்று எந்தெந்த வழியில் நுழைகிறது என்று அடுத்த பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கரைசலே மாசுபடுவது அரிது. குத்திய இடத்துத் தோலும், குழாயைக் கழற்றி மாட்டும் இணைப்பும், அதைத் தொடும் கையுமே அன்றாட வாசல்கள். கானுலா நுனியைத் தட்டில் உருட்டிக் கிருமிகளை எண்ணும் அவருடைய 1977ஆம் ஆண்டுச் சோதனைமுறை இன்றும் ஆய்வகங்களில் உள்ளது. குழாய்த்தொகுதி முழுவதையும் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்ற விதியும் அந்தக் கொள்ளைத்தொற்றின் நேரடி விளைவு. பின்னர் ஆய்வுகள் அந்த இடைவெளியைப் படிப்படியாக நீட்டின.

இந்தச் சூழலில் 1973இல் ப்ளூமரும், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் மார்கரிட் நைட்டும் சேர்ந்து சிரைவழி சிகிச்சைச் செவிலியருக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினர். இன்றைய 'இன்ஃபியூஷன் நர்சஸ் சொசைட்டி' அதுவே. 1980இல் அது தன் நடைமுறைத் தரநிலைகளை வெளியிட்டது. 1985இல் தகுதித்தேர்வு வந்தது. 1940இல் கைத்திறன் மட்டுமே தகுதி. 1985இல் திரவச் சமநிலை, மருந்தியல், தொற்றுத்தடுப்பு, ரத்தமேற்றல் எல்லாம் பாடத்திட்டம். இந்த 45 ஆண்டு இடைவெளியே இத்துறையின் மையமான வளர்ச்சி என்பேன்.

செவிலியரின் கண் என்ன பார்க்கிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்வது தகும். 500 மில்லி உப்புக்கரைசல் 8 மணி நேரத்தில் ஏறவேண்டும். மில்லிக்கு 20 சொட்டு விடும் குழாய் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 21 சொட்டு. குழாயில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் உருளையைத் தள்ளிச் சரிசெய்துவிட்டுப் போனால், நோயாளி கையை மடக்கியதும் அது நிற்கும், நீட்டியதும் வேகமெடுக்கும். குத்திய இடம் சில்லென்று வெளிறி வீங்கினால் திரவம் சிரைக்கு வெளியே கசிகிறது. சிவந்து, சூடாகி, சிரை கயிறுபோல் கைக்குத் தட்டுப்பட்டால் அது சிரையழற்சி. கசிவது சில புற்றுநோய் மருந்துகளோ ரத்தநாளங்களைச் சுருக்கும் மருந்துகளோ ஆனால், சதையே அழுகிப்போகலாம். இந்த வேறுபாடுகளைத் திரவம் செலுத்தும் எந்தப் பம்பும் முன்கூட்டிச் சொல்லாது. அழுத்தம் கூடினால்தான் அது அலறும்; மென்மையான சதைக்குள் திரவம் தடையில்லாமல் இறங்கிக்கொண்டேயிருக்கும்.

நம் நாட்டில் இன்னொன்றும் நடக்கிறது. திடமான பிளாஸ்டிக் புட்டியிலிருந்து திரவம் இறங்கக் காற்று வேண்டும். அதற்காகப் புட்டியின் அடியில் ஓர் ஊசியைக் குத்திவிடுவது பழக்கம். அந்த ஊசி வழியே வார்டின் காற்று, வடிகட்டி இல்லாமல், நோயாளியின் ரத்தம்வரை வழி பெறுகிறது. அர்ஜென்டினா, பிரேசில், இத்தாலி, மெக்சிகோ நாடுகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் காற்று தேவைப்படாத, தானே சுருங்கும் பைகளுக்கு மாறியபோது ரத்தத்தொற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததை மாக்கியும் அவருடன் ஆராய்ந்த ரோசன்தாலும் காட்டியிருக்கிறார்கள். செலவு சற்றுக் கூடும் என்பதற்காக இந்த மாற்றத்தைத் தள்ளிப்போடுவது சரியில்லை.

மருந்துத் தவறுகளின் வரலாறும் இதே திசையில்தான் நகர்ந்தது. பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலும் ஊசிக்கான தூயநீர் ஆம்பூலும் ஒரே அலமாரியில், ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருந்தன. நீர்க்காமல் வேகமாகச் செலுத்தினால் பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடும். நீண்ட காலம் இதற்கு ஒரே தீர்வு, தவறிழைத்த செவிலியரைத் தண்டிப்பது. 1998இல் அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பும், 2007இல் உலக சுகாதார அமைப்பும், செறிவான ஆம்பூலை வார்டிலிருந்தே அகற்றுமாறு கூறின. தவறு நேரும் சூழலை மாற்றவேண்டும் என்பது ஏற்கப்பட இவ்வளவு காலம் ஆனது வருந்தத்தக்கது.

அதிகாரம் பற்றிய கேள்விக்குத் தெளிவான விடை தந்தது ஜான்ஸ் ஹாப்கின்ஸ். 2001இல் பீட்டர் ப்ரோனவோஸ்ட், பெருஞ்சிரைக் குழாய் செருகுவதற்கு ஐந்து படிகளை எழுதினார்: கை கழுவுதல், குளோர்ஹெக்சிடின் தடவுதல், முழு உடலையும் மறைக்கும் விரிப்பு, கூடுமானவரை தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவை முடிந்ததும் எடுத்துவிடுதல். எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆயினும் செவிலியர்கள் ஒரு மாதம் பார்த்துக் குறித்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஏதோ ஒரு படியை மருத்துவர்கள் விட்டிருந்தனர். அதன்பின் வந்த மாற்றமே உயிர்நாடி. ஒரு படி விடுபட்டால் மருத்துவரை நிறுத்தும் உரிமை செவிலியருக்கு, நிர்வாகத்தின் ஆதரவோடு, தரப்பட்டது. மிச்சிகன் மாநிலத்தில் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இம்முறையைப் பரப்பிய ஆய்வு 2006இல் வெளியானது. ஆயிரம் குழாய்-நாளுக்கு (ஒரு குழாய் ஒரு நாள் இருந்தால் ஒரு குழாய்-நாள்) 2.7 என்றிருந்த ரத்தத்தொற்று விகிதத்தின் இடைநிலை, மூன்று மாதங்களில் பூஜ்யமாயிற்று. புதிய மருந்தோ புதிய கருவியோ அதில் இல்லை.

இந்த வரிசையில் அண்மைய திருப்பம் ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்தது. கைச்சிரைக் கானுலாவை மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றவேண்டும் என்பது பல நாடுகளில் விதியாக இருந்தது. நன்றாக இருக்கும் கானுலாவை எடுத்துவிட்டு, சிரை கிடைக்காத குழந்தைக்கும் முதியவருக்கும் மறுபடியும் மறுபடியும் குத்தினார்கள். பிரிஸ்பேனின் கிரிஃபித் பல்கலைக்கழகச் செவிலியர்-ஆய்வாளர் கிளேர் ரிக்கார்டும் குழுவினரும் குயின்ஸ்லாந்தில் 3,283 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து ஆராய்ந்தனர். ஒரு பிரிவுக்கு நாள் கணக்கில் மாற்றம். மற்றதற்கு அறிகுறி தெரிந்தால் மட்டும் மாற்றம். இரண்டிலும் சிரையழற்சி 7 சதவீதமே. 2012இல் 'லான்செட்' இதழில் இம்முடிவு வந்தது. லாட்டாவின் கடிதத்தை வெளியிட்ட அதே இதழ், 180 ஆண்டுகளுக்குப் பின், செவிலியர் தலைமையேற்று நடத்திய ஆய்வை வெளியிட்டது.

இம்முடிவை விதியின் தளர்வாகப் படிப்பவர்கள் தவறாகப் படிக்கிறார்கள். நாள்காட்டி செய்த வேலையை இப்போது கண் செய்யவேண்டும். ஒவ்வொரு ஷிஃப்டிலும் அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கவேண்டும். இரவு ஷிஃப்டில் ஒரு வார்டு முழுவதற்கும் ஒரே செவிலியர் என்றிருக்கும் மருத்துவமனை, ஆள் கூட்டாமல் இந்த ஆய்வின் பயனை எடுத்துக்கொள்ள முடியாது.

கானுலாவே வேண்டுமா என்ற கேள்வி இன்னும் முந்தியது. 1971இல் வங்காள எல்லையில், பொங்காவ் அகதிகள் முகாமில் சலைன் தீர்ந்துபோனபோது, திலீப் மஹலனாபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலைக் குடிக்கத் தந்தே காலரா இறப்பை 30 சதவீத அளவிலிருந்து 4 சதவீதத்துக்கும் கீழே இறக்கினார். உறவினர்களே அதை ஊட்டினார்கள். அந்த அனுபவத்துக்கு இவ்வளவு அருகில் வாழும் நாம், உடல் அசதிக்கு 'ஒரு குளுக்கோஸ் ஏற்றிவிடுங்கள்' என்று கேட்பதும், கேட்டதற்காகவே சில சிற்றூர் கிளினிக்குகள் ஏற்றிவிடுவதும் கவலை தருகின்றன.

2018இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு 51 நாடுகளில் 40,620 கைச்சிரைக் கானுலாக்களை நேரில் பார்த்துக் கணக்கெடுத்தது. பத்தில் ஒன்றில் வலியோ சிரையழற்சியின் அறிகுறியோ இருந்தது. ஏறத்தாழ 14 சதவீதக் கானுலாக்கள் எந்த மருந்தும் ஏறாமல் சும்மா கிடந்தன. ஐந்தில் ஒன்றின் ஒட்டுப்பட்டை நனைந்தோ, அழுக்காகியோ, பிரிந்தோ இருந்தது. ஒட்டுப்பட்டையின் மேல் செருகிய நாளும் நேரமும் எழுதுவதற்குப் பேனாவும் அரை நிமிடமும் போதும். அதை எழுதாவிட்டால் அடுத்த ஷிஃப்டுக்கு வரும் செவிலியர், அந்தக் கானுலா நேற்றுப் போட்டதா, ஐந்து நாள்களுக்கு முன் போட்டதா என்று நோயாளியிடம்தான் கேட்கவேண்டும்.