பிறள் தேர்ந்த துணை

புதுப்பட்டினத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் இடையில் எஞ்சியுள்ள பனைகளில், கூடு கட்டும் பருவத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள் கொத்தாகத் தொங்குவதைக் காணலாம். சில முழுமையானவை, சில தலைக்கவசம் போன்ற வடிவில் பாதியிலேயே கைவிடப்பட்டவை. ஒரு பெண்ணின் மணத்தை ஒட்டி மயங்கிக் கிடந்த ஊருக்கு இக்கூட்டை உவமையாக்குகிறது குறுந்தொகையின் 374ஆம் பாடல். கூட்டுக்கும் மணத்துக்கும் உள்ள தொடர்பு உவமையோடு நிற்பதன்று.

பம்பாய்க்கு அருகே கிஹிம் கடற்கரையில் 1930இல் தங்கியிருந்த சாலிம் அலி, இக்குருவிகளைக் கூர்ந்து கவனித்து, மறு ஆண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுதினார். ஆண் பாதிக் கூடு கட்டும். பெண் வந்து நுழைந்து ஆராயும். பிடித்தால்தான் இல்லறம், கூடும் முற்றுப்பெறும். பிறகு ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி இன்னொருத்தியை எதிர்நோக்கும். ஒருத்தியும் ஏற்காத கூடுகள் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். பெண்ணின் தேர்வைப் பற்றி டார்வின் 1871இல் எழுதியபோது வாலஸ் அதை ஏற்கவில்லை. கிஹிமில் அது கண்முன் நடந்தது.

ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஓர் ஆணுக்கு மூன்று பெண்கள் வாய்த்து, அண்டை ஆணுக்கு ஒருத்தியும் வாய்க்காதபோது, மூவரும் தனித்தனியே தெளிந்தார்களா, முதல்வளைக் கண்டு மற்றவர்கள் பின்பற்றினார்களா? முள்மரத்தில், நீர்மேல் தொங்கும் கூடு பாதுகாப்பானது. அதை எவளும் தானாகவே தேர்வாள். ஆகவே மரத்தடியில் நின்று எண்ணுவதால் விடை கிடைக்காது. பிறள் தேர்வின் செல்வாக்கை மட்டும் தனியே பிரித்துக் காட்டவேண்டும்.

லீ டுகட்கின் அதைக் கப்பி மீன்களைக் கொண்டு செய்தார். தொட்டியின் இரு முனைகளிலும் ஓர் ஆண். நடுவில் பார்த்திருக்க ஒரு பெண். ஓர் ஆணின் அருகே மட்டும் வேறொரு பெண்ணைச் சிறிது நேரம் வைத்து நீக்கிவிட்டு, பார்த்திருந்தவளை விடுவித்தார். 1992இல் வெளியான முடிவு: 20 முறையில் 17 முறை அவள் நாடியது, துணையோடு கண்ட ஆணையே. செம்மஞ்சள் நிறம் மிகுந்த ஆணைப் பெண்கள் விரும்புவது இயல்பு. இருவருக்குமிடையே நிற வேறுபாடு சிறிதாயின், மங்கியவன் அருகே பிறளைக் கண்டவள் மங்கியவனையே தேர்ந்தாள். வேறுபாடு 40 சதவீதமானதும் தன் கண்ணையே நம்பினாள் (1996). எனக்கு இந்த 40தான் முக்கியமாகப் படுகிறது. இளையவள் மூத்தவளைப் பின்பற்றுகிறாள், மூத்தவள் இளையவளைப் பின்பற்றுவதில்லை என்பதையும் அவர் கோடினுடன் சேர்ந்து காட்டினார். நம் வீடுகளின் கல்யாணப் பேச்சுகளை அறிந்தவர்கள் இங்கே புன்னகைக்கலாம்.

எல்லாக் கப்பியும் ஒன்றல்ல. டுகட்கினின் 1996 சோதனை மீன்கள் டிரினிடாடின் பாரியா ஆற்று வழி வந்தவை. தென் ஆப்பிரிக்காவில் குடியேறிப் பெருகிய கப்பிகளிடம் ராபர்ட் புரூக்ஸ் சோதித்தபோது இப்பழக்கம் தென்படவில்லை. கொசுப்புழுவை ஒழிக்க நம் கிணறுகளிலும் குட்டைகளிலும் விடப்பட்டவையும் அவ்வாறு வந்தேறியவைதாம். சென்னை கொளத்தூர்க் கடைகளில் விற்பவையோ மனிதர் நிறம் பார்த்துத் தேர்ந்து வளர்த்தவை. இவ்விரண்டையும் ஒப்பிட ஒரு கண்ணாடித் தொட்டியும் சில மீன்களும் பொறுமையும் போதும். நம் கல்லூரி விலங்கியல் துறைகள் செய்து பார்க்கலாம்.