காசில் நேரும் பிழை

காசு அடிக்கும் இடத்தை அக்கசாலை என்றும் தங்கசாலை என்றும் கம்பட்டம் என்றும் தமிழில் வழங்குவர். அங்கிருந்து வெளிவரும் காசுகள் யாவும் எடையாலும் வடிவாலும் ஒன்றுபோல் இருத்தல் வேண்டும். ஆயினும், கோடிக்கணக்கில் அடிக்கப்படும்போது ஒன்றிரண்டு குறையுடன் வெளியேறிவிடுகின்றன. இவற்றைத் தேடிச் சேர்ப்போர் டில்லி, மும்பை, கொல்கத்தா போன்ற பெருநகரங்களில் பலர் உளர். குறையுள்ள காசுக்கு நல்ல காசினும் மிகுந்த விலை கிடைப்பதால், குறையைச் செயற்கையாகச் செய்து விற்போரும் தோன்றிவிட்டனர். ஆகவே, ஒரு காசின் குறை எங்கே, எதனால் நேர்ந்தது என்று ஆராய்ந்து காண்பது அவசியமாகிறது.

முதலில் பிழை எனத் தகுவது எது என்று தெளிதல் நன்று. முற்காலத்தில் காசு சம்மட்டியால் அடிக்கப்பட்டது. கீழச்சு பட்டடையில் பதிந்திருக்கும். அதன்மேல் உலோக வில்லையை வைத்து, மேலச்சைக் கையில் பிடித்து, ஓங்கி அடிப்பர். கை சற்றுத் திரும்பினால் ஒருபுறத்து உருவம் மறுபுறத்துக்கு நேராக அமையாது. முகலாயர் காலத்து வெள்ளி ரூபாய்களில் எழுத்துக்கள் விளிம்பருகே அறுபட்டு நிற்பதைக் காணலாம். அச்சு வில்லையினும் பெரியதாக இருந்தமையே அதற்குக் காரணம். அக்காலத்து முறைக்கு அது இயல்பே ஆகும்.

1829இல் கொல்கத்தாவில் நீராவி எந்திரங்களுடன் புதிய அக்கசாலை திறக்கப்பட்டது. 1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுமைக்கும் 180 குன்றிமணி எடையில்லாது 180 கிரெயின் எடையுள்ள ஒரே வகை ரூபாயை ஏற்படுத்தியது. எந்திரமும் ஒரே அளவும் வந்தபின், முன்பு இயல்பாயிருந்த கோணல் பிழையாகிவிட்டது.

எந்திரத்தில் காசு உருவாவது மூன்று நிலைகளில் நிகழ்கிறது. வில்லை வெட்டப்படும், அச்சு செதுக்கப்படும், இறுதியில் அடி விழும். பிழையும் இம்மூன்றில் ஒன்றிலேதான் பிறக்கும்.

வில்லைகள் நீண்ட உலோகத் தகட்டிலிருந்து வெட்டப்படுகின்றன. தகடு சரியாக நகராவிடின், வெட்டும் உளி முன்பே வெட்டிய துளையின்மேல் ஒரு பகுதி விழும். அப்பொழுது பிறை வடிவில் ஓரம் குறைந்த வில்லை கிடைக்கும். இதன் எடை குறைவாயிருக்கும். மேலும், குறைந்த இடத்துக்கு நேரெதிரே உள்ள விளிம்பு பெரும்பாலும் மழுங்கியிருக்கும். விளிம்பை எழுப்பும் அழுத்தம் அவ்விடத்தில் போதாமையே காரணம். அரத்தால் அராவிக் குறைத்த போலியில் எதிர்விளிம்பு கூர்மையாகவே நிற்கும்.

அச்சின் பிழையைக் காட்டிக்கொடுப்பது அது மீண்டும் மீண்டும் வருவதே. அச்சில் விரிசல் கண்டால், அப்பள்ளத்தினுள் உலோகம் புகுந்து, காசின்மேல் மெல்லிய மேடான கோடாக எழும். அதே அச்சில் அடித்த காசுகள் பலவற்றிலும் அதே இடத்தில் அக்கோடு காணப்படும். நாளடைவில் நீளவும் செய்யும். காசின்மேல் பின்னர் விழுந்த கீறலோ பள்ளமாக இருக்கும். மேடா, பள்ளமா என்னும் இவ்வொரு வினாவே பல ஐயங்களைத் தீர்த்துவிடும்.

அடியின் பிழை பெரும்பாலும் தனித்து நிற்பது. வில்லை தன் வளையத்துள் சரியாக அமராதபோது உருவம் ஒருபுறம் ஒதுங்கி விழும். ஆனால் எடை குறையாது. சில வேளைகளில், அடிபட்ட காசு மேலச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த வில்லைக்கு அந்தக் காசே அச்சாகிவிடும். அதனால் ஒருபுறம் உருவம் நேராகவும், மறுபுறம் அதே உருவம் இடவலம் மாறிப் பள்ளமாகவும் பதியும். பழைய உரோமானிய வெள்ளிக் காசுகளிலும் இத்தகைய பிழை உண்டு. இரு காசுகளை இறுக்கியில் வைத்து நெருக்கிப் போலி செய்வோர், அடியிலிருக்கும் பழைய உருவத்தை முற்றிலும் மறைக்க இயலாது.

இனி, பிழை போலத் தோன்றிப் பிழை ஆகாதன சில. 1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் பொறித்த ரூபாயில், அவர் அணிந்த விருதுச் சங்கிலியிலிருந்த யானை பன்றியைப் போலத் தோன்றிற்று. இஸ்லாமிய மக்கள் மனம் புண்பட்டனர். அரசு அக்காசைத் திரும்பப் பெற்று, 1912இல் யானையின் உருவைத் திருத்தி வெளியிட்டது. அக்கசாலை அதில் தவறவில்லை. அச்சில் இருந்தபடியே அடித்தது. குறை, உருவம் வரைந்ததில் இருந்தது.

1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட உரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு உண்டு. தழும்பு பள்ளமாக இருப்பதும், உருவம் பதிந்தபின் அதன்மேல் விழுந்திருப்பதும், அது அக்கசாலைக்கு வெளியே நிகழ்ந்ததைக் காட்டுகின்றன. அது தவறி நேர்ந்ததன்று; வேண்டுமென்றே செய்தது.

ஆண்டின் கீழுள்ள சிறு குறியைப் பிழையென மயங்குவோரும் உளர். இன்றைய காசுகளில் வைர வடிவம் மும்பையையும், நட்சத்திரம் ஐதராபாதையும், புள்ளி நொய்டாவையும் குறிக்கும். கொல்கத்தாவின் காசுக்குக் குறி இல்லை.

ஆதலின், விலை கொடுக்குமுன் மூன்று வினாக்களை எழுப்புக. எடை சரியா? குறை மேடா, பள்ளமா? வேறு காசிலும் அதே இடத்தில் அது வருகிறதா? இவற்றுக்கு விடை கிடைத்தால், குறை வில்லையிலா, அச்சிலா, அடியிலா, அன்றிக் கடைத்தெருவிலா பிறந்தது என்பது தானே விளங்கும். செம்மையான காசு ஆட்சியாளரின் பெயரையும் ஆண்டையும் சொல்லும். பிழையுற்ற காசோ, அதனை அடித்த எந்திரமும் கையும் இயங்கிய விதத்தையும் சேர்த்துச் சொல்கிறது. அச்சான்று போலியாகிவிடாமல் காப்பது, காசு சேர்ப்போர் வரலாற்றுக்குச் செய்யும் தொண்டாகும்.