யார் வீட்டு வழியில் வந்தது?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி டெல்லிப் பக்கத்திலிருந்து போன் செய்தாள். ஐந்து வயது மகளுக்கு வளர்ச்சியே இல்லை. வயிறு உப்பி, கை கால் குச்சி குச்சியாக இருந்திருக்கிறது. ரொம்ப நாள் அலைந்த பிறகு சீலியாக் நோய் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். இனி கோதுமையே கூடாது. "அதுகூடப் பரவாயில்லை சார். மரபணு சம்பந்தப்பட்டதுன்னு டாக்டர் சொன்னதிலிருந்து, எங்க பக்கம் யாருக்கும் இல்லை, உன் வழியிலதான் வந்திருக்கும்னு சொல்றாங்க" என்று அழுதாள். அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

இந்த நோய் புதிதல்ல. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே அரேட்டியஸ் என்ற கிரேக்க மருத்துவர் இதைப் போன்ற ஒரு நோயை எழுதி வைத்திருக்கிறார். கிரேக்க மொழியில் வயிற்றைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் 'சீலியாக்' வந்தது. 1888-இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ, குழந்தைகளிடம் இந்த நோயைத் தெளிவாக விவரித்தார். குணமாக வழி இருந்தால் அது உணவில்தான் இருக்கும் என்றும் சொன்னார். அதுவரை சரி. ஆனால் என்ன உணவு? அரிசியும் ஜவ்வரிசியும் ஆகாது என்று விலக்கினார். மெல்லியதாக வெட்டி நன்றாக வாட்டிய ரொட்டியை அனுமதித்தார்! ஒரு குழந்தை தினமும் ஹாலந்து மட்டி சாப்பிட்டுத் தேறியது. மட்டி சீசன் முடிந்ததும் நோய் திரும்பிவிட்டது. குணப்படுத்தியது மட்டியா, மட்டி தின்றதால் குறைந்துபோன ரொட்டியா என்று அவருக்குத் தோன்றவில்லை.

1924-இல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்பவர் வாழைப்பழ வைத்தியத்தைக் கொண்டுவந்தார். போர்ட்டோ ரிக்கோவில் ரொட்டி தின்னும் நகரத்தாருக்கு இதுபோன்ற வயிற்று நோய் வருகிறது, வாழைப்பழம் தின்னும் விவசாயிகளுக்கு வருவதில்லை என்பது அவர் கவனித்த விஷயம். விடை கண்ணெதிரே இருந்தது. அவரோ வாழைப்பழத்தில்தான் மருந்து இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். பல குழந்தைகள் பிழைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் 'குணமாகிவிட்டது' என்று மறுபடி ரொட்டி கொடுத்தபோது நோயும் கூடவே வந்தது.

உண்மையைப் பிடித்தவர் ஹாலந்து குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே. ஹேக் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் 1930-களிலேயே அவருக்குக் கோதுமை மேல் சந்தேகம். 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த மேற்கு ஹாலந்தில் கடும் பஞ்சம். மக்கள் துலிப் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள், ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அந்தக் காலத்தில் சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பக் கிடைத்ததும் மறுபடி படுத்துவிட்டார்கள். ஊரே பட்டினியில் வாடும்போது நோயாளிக் குழந்தை தேறுகிறது என்றால், அதை எந்த மருத்துவரால் மறக்க முடியும்?

டிக்கே அந்தக் காட்சியை மட்டும் நம்பி நிற்கவில்லை. வான் டி காமர் என்ற வேதியியலாரோடு சேர்ந்து, ஒவ்வொரு உணவாகக் கொடுத்து, மலத்தில் செரிக்காமல் போகும் கொழுப்பை அளந்தார். கோதுமை மாவு கொடுத்தால் அளவு ஏறியது. புரதம் நீக்கிய கோதுமை மாவுச்சத்துக்கு ஏறவில்லை. ஆக, குற்றவாளி கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம். 1950-இல் ஆய்வேடு வந்தது. இரண்டு வருடத்தில் பர்மிங்ஹாம் மருத்துவர்களும் அதையே உறுதி செய்தார்கள்.

சரி, கோதுமை தின்கிற எல்லோருக்கும் ஏன் வரவில்லை? இங்கேதான் மரபணு வருகிறது. இங்கே உங்களிடம் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டும். புரதம் குடலில் முழுக்க அமினோ அமிலங்களாக உடைந்துவிடும் என்று உங்களுக்குப் பாடம் நடத்தினேன். குளூட்டன் அப்படி உடைவதில்லை. அதில் புரோலின் அதிகம் இருப்பதால் நம் நொதிகளால் முழுதாக வெட்ட முடியாது. நீளத் துண்டுகள் மிஞ்சும். பெரும்பாலோருக்கு அதனால் தொந்தரவு இல்லை. குடலின் எதிர்ப்புச் சக்தி 'இது சாப்பாடு, எதிரி அல்ல' என்று விட்டுவிடும்.

நம் செல்களில் எச்.எல்.ஏ. என்ற புரதங்கள் உண்டு. கண்ட துண்டுகளைக் கையில் ஏந்தி, காவல் செல்களிடம் காட்டுவது இவற்றின் வேலை. அதில் டி.க்யூ.2, டி.க்யூ.8 என்ற வகைகளின் கைக்குக் குளூட்டன் துண்டு கச்சிதமாகப் பொருந்தும். குடலிலேயே உள்ள ஒரு நொதி அந்தத் துண்டைச் சிறிது மாற்றிவிட்டால் பிடி இன்னும் இறுகும். காவல் செல்கள் அதை எதிரி என்று நினைத்துப் போர் தொடங்க, குடல் உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். தின்றது உடம்பில் ஒட்டாது.

இப்போது என் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். 1989-இல் ஆஸ்லோவில் லுட்விக் சொலிட் குழுவினர் காட்டியது இது: அந்த டி.க்யூ.2 இரண்டு சங்கிலிகள் சேர்ந்த புரதம். இரண்டுக்குமான மரபணுக்கள் ஒரே பெற்றோரிடமிருந்தும் வரலாம். ஒன்று அப்பாவிடமிருந்தும் இன்னொன்று அம்மாவிடமிருந்தும் வந்து குழந்தையிடம் சேரலாம். அப்படியானால் யார் வழி என்று சொல்வீர்கள்?

இன்னொன்று. 2016-இல் வெளியான இந்திய ஆய்வில், இந்த மரபணு வகைகள் வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய ஒரே அளவு, மூன்றில் ஒருவருக்கு மேல். ஆனால் ரத்தத்தில் இந்த நோய்க்கான எதிர்பொருள் காணப்பட்டவர்கள் வடக்கில் 1.23 சதவீதம், தெற்கில் 0.10 சதவீதம். வடக்கே தட்டில் கோதுமை பல மடங்கு அதிகம். இதைப் படிக்கும் உங்களில் பலரிடமும் அந்த மரபணு இருக்கும். மரபணு கதவைத் திறந்து வைக்கிறது, அவ்வளவுதான். எல்லார் வீட்டுக்குள்ளும் நோய் வந்துவிடுவதில்லை.

கடைசியாக மூன்று விஷயம். சந்தேகம் இருந்தால் பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தாதீர்கள்; நிறுத்தினால் சோதனையில் தெரியாமல் போகலாம். ஒருவருக்கு உறுதியானால் உடன்பிறந்தவர்களும் பெற்றோரும் சோதித்துக்கொள்வது நல்லது. ரவை, சேமியா, மைதாவோடு மால்ட் பானப் பொடிகளையும், கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தையும் கவனியுங்கள். அதில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளத்துக்குத் தடையில்லை. கடை மாவானால் கோதுமை கலக்காததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குழந்தைக்கு இட்லி ரொம்பப் பிடிக்குமாம். சாம்பாரில் பெருங்காயத்தை மட்டும் பார்த்துப் போடம்மா என்றேன். இந்தப் பதிவை அவள் வீட்டுப் பெரியவர்களும் படித்தால் எனக்குச் சந்தோஷம்.